நரிப்பாதம் நுழைந்த பூ

முன்னே முன்னே, மலைகளுக்கு மேலே மூடுபனி நாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. ராஜா பேருக்குத்தான். ஆட்டிவைத்தவன் மிடுக்கன் என்கிற மந்திரவாதி. எதிரே வருகிறவர்கள் எல்லாம் அவனைக் கும்பிட வேண்டும். கும்பிடு விழ விழ அவன் மந்திரம் வளரும்.

தோட்டக்காரி பூவாயியின் தம்பி சாத்தன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கும்பிடுடா!"

"மாட்..."

சொல்லி முடிப்பதற்குள் அவனை நரியாக்கிவிட்டான், பாவி!

பூவாயி விடுவாளா? நேரே சண்டைக்குப் போனாள். மிடுக்கன், இவளால் எங்கே முடியப்போகிறது என்று இளித்துக்கொண்டே தூசி போன்ற விதைகளை அவள் கையில் கொட்டினான்.

"இது பூத்ததும் உன் தம்பி அதுக்குள்ளே பாதத்தை நுழைச்சா மனுஷனாவான். நீயே செடியைப் பிடுங்கினா, காலம் பூரா நரிதான். விதையை நல்லா ஆழமாப் புதைச்சு வை!"

"மாட்டேன்!" என்றாள். இத்தனை பொடி விதையைப் புதைத்தால் முளைக்காது என்று தோட்டக்காரிக்குத் தெரியாதா? மரநிழலில், ஈர மண்மேல் தூவிவிட்டு, மூடாமல் விட்டாள். கிளைகளுக்கிடையே விழுந்த வெளிச்சம் பட்டு முளைத்தது. இலையை மென்ற ஆடு ஒன்று சுருண்டு விழவே, சுற்றிலும் முள்வேலி போட்டாள். செடியைத் தொட்டால் கை கழுவாமல் சோற்றில் கை வைக்கமாட்டாள்.

வருஷம் ஓடியது. இலைதான் வந்தது, பூவைக் காணோம்.

"வெறும் தழை! பிடுங்கிப் போடு!" என்றான் மிடுக்கன்.

"மாட்டேன்!"

பனி கொட்டியது. இலைகள் கருகிச் சுருங்கின.

"செத்துப்போச்சு! பிடுங்கிப் போடு!"

அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நரி அவள் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

"மாட்டேன்!" என்று கத்தினாள்.

அடுத்த கோடையில் செடியின் நடுவிலிருந்து ஆள் உயரத்துக்குத் தண்டு எழும்பியது. அதில் ஊதாப் பூக்கள் மணிகளாகக் கவிழ்ந்து தொங்கின. ஊரே கூடிவிட்டது. மிடுக்கனும் வந்தான்.

"பார்த்தியா, பூவே எனக்குத் தலை குனியுது!"

"மழைத்தண்ணி உள்ளே போகாம இருக்கத்தான் குனியுது. உனக்காக இல்லே!"

பூவாயி வேலியைத் திறந்தாள். அந்தச் செடியில் அடிப்பூதான் முதலில் மலரும். நரி எட்டி அதற்குள் பாதத்தை நுழைத்தது. மறுகணம் சாத்தன் எழுந்து நின்றான்.

"கும்பிடுடா!" என்று அலறினான் மிடுக்கன்.

"...டேன்!" என்றான் சாத்தன்.

விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தான், அவ்வளவுதான். ஊரே சிரித்துவிட்டது. ஒரு கைகூட அன்று குவியவில்லை. கும்பிடு இல்லாமல் மந்திரம் ஏது? மிடுக்கன் எடுத்த ஓட்டத்தை மலை தாண்டியும் நிறுத்தவில்லை.

அவர்கள் நிமிர்ந்து வாழ்ந்தார்கள். நாமும் அப்படியே இருப்போம்.