எட்டு வண்டிகளும் ஒரு சிவப்பு விளக்கும்

முன்பொரு சமயம், தொழிற்பேட்டையின் கோடியில் கம்பிவேலி போட்ட மைதானம் ஒன்றில் எட்டு பூம் லிஃப்ட் வண்டிகள் இருந்தன. நீண்ட இரும்புக் கை, கை நுனியில் கூடை. கூடையில் ஏறிய ஆளை எண்பது அடி உயரத்தில் ஏந்தி நிற்பதுதான் அவற்றின் பிழைப்பு. எட்டும் ஒரே நாளில் வாங்கப்பட்டவை. ஒரே சூடத்தில் பூஜை போடப்பட்டவை.

அதில்தான் கேடும் இருந்தது. பத்து வயது நிறைவதற்குள் ஒவ்வொரு வண்டியையும் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, மூட்டு மூட்டாகச் சோதிக்க வேண்டும். சோதனைப் பட்டறையோ ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தான் எடுக்கும். ஒன்றுக்கு ஒரு மாதம் பிடிக்கும்.

இதை யோசித்துப் பார்த்தது மூன்றாம் நம்பர் மட்டுமே. கெடுவுக்கு எட்டு மாதம் இருக்கையில், ஒரு சாயங்காலம் அது பேச்சை எடுத்தது.

"தோழர்களே!"

"ஆரம்பிச்சிட்டாருப்பா தலைவர்," என்றது ஏழாம் நம்பர்.

"சிரிங்க. ஆனா கேட்டுட்டுச் சிரிங்க. நமக்கு இருக்கிற வாய், பட்டன் பக்கத்துல கோளாறு காட்டுற அந்தச் சிவப்பு விளக்கு ஒண்ணுதான். மாசத்துக்கு ஒருத்தர் அதை எரிய விடுவோம். ஒருத்தர் பட்டறைக்குப் போனா மத்தவங்க வேலையைத் தாங்குவோம். எட்டு மாசத்துல எல்லாரும் பார்த்து முடிச்சிடலாம்."

"விளக்கு எரிஞ்சா மூலையில தள்ளிடுவான்," என்றது ஐந்தாம் நம்பர். போன ஆயுத பூஜைக்கு அடித்த மஞ்சள் பெயிண்ட் அதன் மேல் இன்னும் மினுமினுத்தது. "டயர்ல செடி முளைக்கும். நோஞ்சான்னு பேரு வரும். என் மேனியைப் பாரு, எனக்கு என்ன குறை?"

"பெயிண்ட் என்னிக்கு உள்ளே இருக்கிறதைச் சொல்லியிருக்கு? நமக்காகக் கேட்கல. நம்மை நம்பி ஏறுறவனுக்கு இறங்குற வழி நாமதான்."

"சரி, முதல்ல நீ எரிய விடு. பின்னாலேயே நாங்க வரோம்," என்றது ஏழாம் நம்பர்.

எல்லா வண்டிகளும் ஆமாம் போட்டன.

மறுநாள் காலை சவரிமுத்து வந்தார். உயரமான சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஒன்பது வருடமாக மூன்றாம் நம்பரில்தான் ஏறுவார். கூடையின் மூலையில் சோற்றுத் தூக்கை வைத்து, "போகலாமா ராசா?" என்று கேட்டுவிட்டுத்தான் பட்டனை அழுத்துவார். அன்று பட்டனுக்குப் பக்கத்தில் சிவப்பு எரிந்தது. நேராக மேற்பார்வையாளர் கண்ணபிரானிடம் போனார்.

"சார், மூணாம் நம்பருக்கு ஏதோ சரியில்ல. பத்து வயசும் ஆகப் போகுது. ஒண்ணொண்ணா பட்டறைக்கு அனுப்பி வெச்சா என்ன?"

கண்ணபிரான் மைதானத்தை ஒரு பார்வை பார்த்தார். "எட்டும் ஒரே வயசுதானே அண்ணே? மத்த ஏழும் நல்லாத்தானே இருக்கு, இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு? விளக்குலதான் கோளாறு. ஓரமா நிறுத்திட்டு அஞ்சாம் நம்பரை எடுத்துக்குங்க. சீசன் முடியட்டும், பார்ப்போம்."

மூன்றாம் நம்பர் மூலைக்குப் போனது.

அடுத்த மாதம் பிறந்தது. எந்த விளக்கும் எரியவில்லை. நான்காம் நம்பருக்கு மில்லில் அவசர வேலையாம். ஏழாம் நம்பர் மழை போகட்டும் என்றது. இப்படியே ஏழு மாதம் ஓடியது. மூன்றாம் நம்பரின் டயரில் செடி முளைத்தது. பேட்டரி தீர்ந்து விளக்கும் அணைந்தது. சவரிமுத்து ஒவ்வொரு காலையும் தன் சோற்றுத் தூக்கை ஐந்தாம் நம்பரின் கூடையில் வைப்பதை அது பார்த்துக்கொண்டே நின்றது.

ஒரு நாள் அது மெல்லக் கேட்டது. "அஞ்சு, உன் முழங்கையில ஒரு சத்தம் கேட்குதே?"

"காத்தா இருக்கும்."

"எரிய விடு. எனக்காக வேண்டாம். அவருக்காக."

ஐந்தாம் நம்பர் இந்த முறை கேலி செய்யவில்லை. "நாளைக்கு எரிய விடறேன்," என்றது.

மறுநாள் காலையிலும் அது எரிய விடவில்லை. மில் சுவரில், எண்பது அடி உயரத்தில், முழங்கை மூட்டைப் பிணைத்திருந்த இரும்பு ஆணி ஒடிந்தது.

சாயங்காலம் ஐந்தாம் நம்பரை லாரியில் இரண்டு துண்டாகக் கொண்டு வந்து இறக்கினார்கள். பெயிண்டுக்கு ஒரு கீறல்கூட இல்லாத இடங்கள் நிறைய இருந்தன. நசுங்கிய கூடையின் மூலையில், மூடி திறக்காத சோற்றுத் தூக்கு சிக்கியிருந்தது. சவரிமுத்துவை வேறு வண்டியில், வேறு வழியாகக் கொண்டு போனார்கள்.

அன்றைக்கு, யாரும் சொல்லாமலே, மிச்சமிருந்த ஆறு வண்டிகளின் விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. மைதானமே சிவந்து போயிற்று. கண்ணபிரான் கைபேசியில் பட்டறைக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். "ஆறையும் நாளைக்கே எடுத்துக்குங்க சார்! எப்படியாவது!" மாதத்துக்கு ஒன்றுதான் என்று மறுமுனை சொல்லியிருக்க வேண்டும், அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தலைவரே," என்றது நான்காம் நம்பர், "எல்லாருமே எரிய விட்டுட்டோம், பார்த்தீங்களா?"

மூன்றாம் நம்பர் சோற்றுத் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

அது கேட்டது மாதத்துக்கு ஒரு விளக்குதான்.