கிளம்பும் முன் உட்கார்ந்த ராஜா

ரொம்ப தூரத்துல, மூச்சு விட்டா மீசையில பனி ஒட்டுற ருஷ்ய தேசத்துல, ஒரு ராஜா இருந்தாராம். ரோதியோன்னு பேரு. சிரிக்காதீங்க, அந்த ஊர்ல அப்படித்தான் வெப்பாங்க. ஜனங்க எப்படி இருக்காங்கன்னு பாக்கணும்னு, தச்சர் வேஷம் போட்டுக்கிட்டு அவர் தனியா கிளம்பிட்டாரு. அவர் திரும்பறதுக்குள்ள, ஸ்துபின்னு ஒரு மந்திரி, கட்டையில போறவன், "ராஜா செத்துட்டாரு, இனிமே நான்தான் ராஜா"ன்னு சொல்லிட்டான்.

சொல்லிட்டு சும்மா இருந்தானா? உசுரோட இருக்கிற ராஜாவை முடிக்கணுமேன்னு, கிரீடத்தை மடியில வெச்சுக்கிட்டு, சிப்பாய்ங்களோட குதிரை பூட்டின சறுக்கு வண்டியில தேடி வந்தான். ஆத்தங்கரையில அகாஃப்யான்னு ஒரு ஓடக்காரி வீட்டுல கதவு இழைச்சுக்கிட்டிருந்த ராஜாவைப் பிடிச்சுக் கட்டிப்போட்டான்.

"நான்தாண்டா உங்க ராஜா!"ன்னு அவர் கத்துறாரு. சிப்பாய்ங்க ராஜா முகத்தை எங்க பார்த்தாங்க? மந்திரி சொன்னதைத்தான் நம்பினாங்க.

"பொய் சொல்றான். அக்கரைக்குக் கொண்டுபோய்த் தூக்குல போடணும், கிளம்புங்கடா!"ன்னான் மந்திரி.

ஆறு உறைஞ்சு கிடக்கு, அது மேலதான் வண்டி போகணும். ஆனா அந்த தேசத்துல ஒரு வழக்கம். பயணம் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் செத்த நேரம் வாயைத் திறக்காம உக்காரணும்.

"உக்காந்துட்டுப் போங்கப்பா, சாகப்போறவனுக்கும் பயணம் பயணம்தானே"ன்னா அகாஃப்யா. சிப்பாய்ங்க உக்காந்தாங்க. ராஜாவும் கட்டோட உக்காந்தாரு. மந்திரி மட்டும் உக்காரல.

"கிளம்புங்கடா!"ன்னான். அசையல. "கிளம்புங்கடா!"ன்னான். அசையல. "கிளம்புங்கடா!"ன்னு எட்டி உதைச்சான். அப்பவும் அசையல.

"உக்காந்தே கிடங்க. நான் போய்த் தூக்குமரம் நடச் சொல்றேன்"னு, அவன் மட்டும் வண்டியை விரட்டிக்கிட்டுப் போயிட்டான்.

இப்ப நீங்களும் பேசாம இருங்க. வீட்டுக்குள்ள சத்தமே இல்லையா, அப்பத்தான் கேட்டுச்சு, ஆத்துப் பக்கமா, டக்... டக்... மடார்! குளிர் காலம் முடியுற சமயம், பனி பொளந்துக்கிச்சு.

ஓடிப் பார்த்தா, மந்திரி கழுத்து வரைக்கும் தண்ணியில. (குதிரை கரையேறிடுச்சு, பயப்படாதீங்க.) அங்க இருந்த ஒரே கயிறு ராஜா மேல இருக்கு.

"அவுத்து வீசுங்கடா!"ன்னாரு ராஜா. அவுத்து வீசினாங்க. ஆனா அவனுக்கு ஒரு கை பனியில, ஒரு கையில கிரீடம். கயித்தை எதால பிடிப்பான்?

"கிரீடத்தை விடுடா, ஸ்துபின்!"

"மகாராஜா, காப்பாத்துங்க மகாராஜா!"ன்னு கத்திட்டான் பாவி.

கிரீடம் உள்ள போச்சு, ஆள் வெளியில வந்தான். சிப்பாய்ங்க தச்சரைத் திரும்பிப் பார்த்தாங்க, அப்படியே மண்டி போட்டாங்க.

ராஜா அவனைத் தூக்குல போடல. அகாஃப்யா வீட்டுல, பயணம் போறவங்க உக்கார தன் கையாலயே ஒரு பெஞ்சி செஞ்சு போட்டாரு. ஆயுசு முழுக்க அதைத் துடைக்கிற வேலை ஸ்துபினுக்கு.

ராஜா அரமனைக்குப் போனாரு, மந்திரி பெஞ்சிக்குப் போனான், நீங்க படுக்கைக்குப் போங்க. அதுக்கு முன்னாடி, செத்த நேரம் பேசாம உக்காருங்க.