ஃப்ளஷ் தொட்டியில் ஒரு செங்கல்

கல்யாண மண்டப முதலாளி சிங்கமுத்து, துப்புரவு வேலை பார்க்கும் பூரணத்தின் மேல் பாய்ந்தார்.

"டாய்லெட்டுல மூணு தடவை அழுத்த வேண்டியிருக்கு. முகூர்த்தத்துக்குள்ள ஒரே தடவையில போகணும். ஆனா தண்ணிச் செலவு ஒரு சொட்டுக்கூட ஏறக் கூடாது. முடியலேன்னா வேலையை விட்டு நின்னுக்கோ!"

"சரிங்கய்யா. யாரோ பண்ணின கோளாறா இருந்தா?"

"எல்லார் முன்னாலயும் கொண்டாந்து காட்டு!"

பூரணம் ஃப்ளஷ் தொட்டிக்குள் கைவிட்டாள். ஒரு முழுச் செங்கல் வந்தது. அதைக் கழுவி, மாப்பிள்ளை வீட்டார் நின்ற வாசலுக்கே கொண்டுவந்து நீட்டினாள். செங்கல்லில் சிங்கமுத்துவின் சொந்தச் செங்கல் சூளையின் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. கூட்டம் சிரித்தது.

"தண்ணி மிச்சமாகட்டும்னு நான்தான் போட்டேன்" என்று முனகினார்.

"தண்ணி குறைஞ்சதால வேகம் போச்சுங்கய்யா. அதான் மூணு தடவை. இனி ஒரு தடவை போதும், செலவும் தானா குறையும். இன்னும் குறையணும்னா, கொஞ்சத் தண்ணியிலேயே வேகமா அடிக்கிற டாய்லெட்டா வாங்கிப் போடுங்க."

"சரி, மத்த தொட்டிங்களையும் பாரு."

"நீங்க எங்க வச்சீங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். பூரணம் சோப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.