அக்காவின் கொடிக்காலும் தம்பியின் ஓலையும்

ரொம்ப காலத்துக்கு முன்னே தேனாறு நாட்டை வீரபூபதி என்றொரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் வாரத்துக்கு ஒரு கிறுக்கு. அந்த வாரத்துக் கிறுக்கு இது: அவர் வாயில் போட்ட வெற்றிலையை மென்று துப்புவதற்குள் வழக்கு முடிந்துவிட வேண்டும்.

பொன்னுருவி சபைக்குள் நுழைந்தபோது ராஜா ஏற்கெனவே மெல்லத் தொடங்கியிருந்தார். அவள் மூச்சு வாங்காமல் சொன்னாள்.

"மகாராஜா, ஏரிக்கரை வெற்றிலைக் கொடிக்கால் என்னுது. ஆறு வருஷத்துக்கு முந்தி புயல்ல கொடியெல்லாம் சாய்ஞ்சுபோச்சு. கஜானாவில அரண்மனை ஆளுக்குத்தான் கடன் தருவாங்களாம். அதனால தோட்டத்தை அடமானம் வச்சு என் தம்பி பேர்ல கடன் வாங்கினோம். வெற்றிலை வித்துக் கடைசிக் காசு வரைக்கும் நான்தான் அடைச்சேன். இப்போ தோட்டமே தன்னுதுங்கறான்."

தம்பி அழகியநம்பி ராஜாவுக்குச் சாமரம் வீசுகிறவர்களின் தலைவன். அந்தச் சபையில் நிலம் உள்ளவர்களுக்குத்தான் இருக்கை. மற்றவர்கள் நிற்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக நின்றுகொண்டே, உட்கார்ந்திருக்கும் மந்திரி திருமலைக்கொழுந்தைப் பார்த்து வயிறெரிந்தவன் அவன். சாமரத்தை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு அடமான ஓலையை உயர்த்திக் காட்டினான்.

"யார் பேர் இருக்குன்னு பாருங்க, மகாராஜா! கடன் என் பேர்ல. தீர்ந்தபிறகு ஓலை திரும்பினதும் என் கைக்கு. அக்கா ஏதோ ஒத்தாசை பண்ணினா, இல்லேங்கல."

"ஒத்தாசையாடா அது? நம்பித்தானே உன் பேரைப் போடச் சொன்னேன்!"

ராஜாவின் தாடை வேகமாக அசைந்தது. எச்சில் துப்பும் பணிக்கம் பக்கத்தில் வந்தது. பொன்னுருவி பணிக்கத்தையே பார்த்தாள். அந்தத் தோட்டம் போனால் கூலிக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

மந்திரி எழுந்தார். "ஓலையில் இருப்பது நம்பியின் பெயர்தான், மகாராஜா. தோட்டம் அவருடையதென்றே வைத்துக்கொள்வோம். நம்பி, ஏன் நிற்கிறீர்? உட்காரும்."

இவரும் கைவிட்டாரே என்று பொன்னுருவி நினைத்தாள். நம்பியோ சட்டென்று உட்கார்ந்தான். உட்கார்ந்து, கால்மேல் காலும் போட்டுக்கொண்டான்.

"எப்போதிலிருந்து உம்முடையது?" என்று மந்திரி கேட்டார்.

"ஓலை எழுதின நாளிலிருந்து. முழுசா ஆறு வருஷம், மந்திரியாரே."

"சபை கேட்டுக்கொண்டது. அப்படியானால் ஏரி வழக்கம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஏரித் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர் ஒவ்வொரு கோடையிலும் நூறு கூடை சேறு சுமந்து கரையில் கொட்ட வேண்டும். தன் தலையாலேயே சுமக்க வேண்டும். கூலியாள் சுமந்தால் கணக்கில் சேராது. மகாராஜாவே வருஷம் தவறாமல் சுமக்கிறார்."

"போன வருஷம் கழுத்து பிடிச்சுக்கிச்சு" என்றார் ராஜா, வாய் நிறைய வெற்றிலையோடு.

"ஆறு வருஷத்துக்கு அறுநூறு கூடை. நம்பி, நாளைக் காலையில் இறங்கிவிடும்."

நம்பியின் கால் கீழே இறங்கியது. "அதெல்லாம் அக்கா சுமந்தாச்சே! ஊரே பார்த்திருக்கு."

"உம் நிலத்துக்கு அவர் தலை எப்படிச் செல்லும்? நிலத்துக்காரர் தலைதான் செல்லும்."

"செல்லும், செல்லும்! சேறு சுமந்தது அவதானே? ஏரிக்காவலன்கூட வருஷா வருஷம் அவ பேரைத்தான் கூப்பிடுவான்!"

"ஏனாம்?"

"ஏன்னா தோட்டம் அவ..."

நம்பி வாயைப் பொத்திக்கொண்டான். சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறி, இரண்டு பேர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

"எழுந்திருடா!" என்றார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தோட்டம் உன் அக்காவுடையது. பொய் வழக்காடினதற்கு நூறு கூடை நீயும் சுமந்து கொட்டு. இனிமேல் ஒருவர் சொத்தின்மேல் இன்னொருவர் கடன் வாங்கினால், ஓலையில் சொத்துக்காரர் பெயர் முதலில், கடன் வாங்கியவர் பெயர் அடுத்து. சொத்து யாருடையது என்று தெளிவாக எழுதிப் பிரதி ஒன்று சொத்துக்காரர் கையில் இருக்க வேண்டும். மந்திரிக்கு முத்துமாலை! அம்மா, உனக்கு என்ன வேண்டும்? கேள்."

பொன்னுருவி கும்பிட்டாள். "இப்போ சொன்னதை இப்பவே எழுதி முத்திரை வச்சுக் கொடுத்திடுங்க, மகாராஜா."

"ராஜா வாக்கு போதாதா?"

"கூடப் பிறந்தவன் வாக்கை நம்பித்தான் இங்கே வந்து நிக்கறேன். மகாராஜாவுக்கு அடுத்த வாரம் மனசு எப்படி இருக்குமோ?"

மந்திரி கூரையைப் பார்த்தார்.

"கொண்டாங்கடா முத்திரையை," என்றார் ராஜா. "வாரம் முடிய இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."