கோமதிநாயகம் வீட்டு அகலத்திரை

சங்கரன்கோவில் தெற்கு ரதவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த கோமதிநாயகத்துக்கு ஒரு வாய் இருந்தது. எல்லாருக்கும் இருப்பதுதான். ஆனால் அவருடையது கடை திறப்பதற்கு முன்னால் திறந்து, கடை அடைத்த பிறகும் அடைக்காமல் கிடக்கும். வயல்வரப்பில் ஒரு சாண் தண்ணிப்பாம்பைப் பார்த்தார் என்றால், அவர் வீடு வந்து சேர்வதற்குள் அது மலைப்பாம்பாகி, மறுநாள் காலையில் முட்டையும் இட்டிருக்கும். தான் அளப்பது அவருக்கே தெரியும். "எனக்குப் பொய் சொல்ல வராதுவே. உண்மையைச் சின்னதாச் சொல்லத்தான் வராது" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, பாத்திரக்கடையில் அண்டா தவிர வேறெதுவும் பெரிதாக இல்லாத மனுஷனுக்கு, நிஜமாகவே பெரிய சாமான் ஒன்று வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் இருந்த மைத்துனன் சின்ன வீட்டுக்குக் குடி மாறினான். பழைய வீட்டு டிவி புது வீட்டுக்குள் நுழையாது. தூக்கிப் போட மனசில்லாமல் அக்கா வீட்டுக்குக் கப்பலேற்றிவிட்டான். ரியர் புரொஜெக்‌ஷன் அகலத்திரை. அதாவது, சினிமாக் கொட்டகையில் முதுகுக்குப் பின்னாலிருந்து அடிக்கிற ஒளியை, திரைக்குப் பின்னாலிருந்து அடிக்கிற சாதனம். முழுக் கொட்டகையையும் ஒரு பெட்டிக்குள் அடைத்த மாதிரி. தூத்துக்குடியில் இறங்கி, லாரியில் வந்து, ஆள் உயரத்துக்கு வாசலில் நின்றது.

அன்றிலிருந்து ஊரில் வேறு பேச்சு இல்லை. வேறு யாரையும் பேச அவர் விடவில்லை என்பதுதான் சரி.

இந்தியா உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் மதியத்துக்கு மேல். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஐயாக்குட்டி சலூனில் கோமதிநாயகம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகமெல்லாம் சோப்பு நுரை. பெஞ்சில் ரிட்டயர்டு கண்டக்டர் வெயிலுமுத்துவும், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பாக்கியநாதனும்.

"வாசல்ல நுழைஞ்சிச்சா அண்ணாச்சி?" என்று ஐயாக்குட்டி கேட்டுவிட்டு கத்தியைத் தீட்டினான். கேட்டிருக்கக் கூடாது.

"எங்க நுழைய? கதவக் கழட்டினோம். நுழையல. நிலையக் கழட்டினோம். நுழையல. கடைசியில டிவிய நட்டமா நிறுத்திட்டு, வீட்டத் தூக்கி அது மேல வச்சோம்."

"கரண்டு பில்லு வீட்டுக்கு வருதா, டிவிக்கு வருதா?" என்றார் வெயிலுமுத்து. முப்பது வருஷம் பஸ்ஸில் ஓசிப் பயணிகளின் கதைகளைக் கேட்டவர். யார் சொல்வதையும் நம்புவதில்லை என்று காக்கிச் சட்டையோடு சேர்த்து ஒரு விரதம்.

"கேலி பண்ணாதீரும்வே. அகலம் எம்புட்டுங்கீரு? இந்த ஓரத்துல ஒருத்தன் தும்மினா அந்த ஓரத்துல உள்ளவனுக்கு மறுநாள்தான் சளி பிடிக்கும். அம்புட்டு அகலம். ஒல்லிப்பிச்சான் எவனாயிருந்தாலும் அதுல வந்தா குண்டோதரன்தான். நம்ம கேபிள்காரன் ஆடித்தபசுத் திருவிழா காட்டினாம்லா? கூட்டத்துல நானும் நின்னேன். மொதல்ல என் தொப்பை வந்திச்சு. வந்திச்சு, வந்திச்சு, வந்துகிட்டே இருந்திச்சு. தேருன்னு நெனச்சி என் வீட்டுக்காரி கன்னத்துல போட்டுக்கிட்டா. என் மூஞ்சி வர்றதுக்குள்ள நிகழ்ச்சியே முடிஞ்சி போச்சு."

பாக்கியநாதன் சிரித்துவிட்டார். ஐயாக்குட்டியும் சிரித்து, கத்தியைத் தூர எடுத்துக்கொண்டான். வலது கன்னம் முடிந்திருந்தது.

"அது மரியாதை தெரிஞ்ச டிவி சார்" என்று கோமதிநாயகம் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நேரா உக்காந்து பாத்தாத்தான் படம். எந்திரிச்சீங்கன்னா இருட்டு. ஓரமாப் போய் நின்னாலும் இருட்டு. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல, அந்த வீட்டுல என்னைய 'உக்காரும்'னு சொன்ன ஒரே ஆள் அதுதான்."

"சத்தம்?"

"சத்தம் முன்னால வராது, முதுகுக்குப் பின்னால வரும். ஒரு படத்துல மழை பெஞ்சிது. நான் மொட்டை மாடிக்கு ஓடி, காயப்போட்ட துணியெல்லாம் அள்ளிட்டு வந்துட்டேன். மேல நல்ல வெயில். என் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லல. ஈரத் துணிய மறுபடியும் கொண்டுபோய்க் காயப்போட்டா."

"அவியளுக்காவது உண்மை தெரிஞ்சிருக்கே" என்றார் வெயிலுமுத்து.

"இதக் கேளும் ஓய். போன மாசத்து மேட்சு. அடிக்கான் பாரும் அந்த வெள்ளைக்காரன் ஒரு சிக்ஸரு. திரையக் கிழிச்சிட்டு வருது பந்து. நேரா என் மடியில. நான் ஒரு கையில காப்பி டம்ளரு, ஒரு கையில முறுக்கு. எதக் கீழ வைக்கன்னு யோசிச்சேன். பந்து தரையில விழுந்துட்டு. பிடிச்சிருந்தா அவன் அவுட்டு. அன்னைக்கு நாம தோத்தது யாரால? ஒரு முறுக்கால. ஊரு என்னைய மன்னிக்கணும்."

"அந்தப் பந்து எங்கவே?"

"திருப்பி எறிஞ்சிட்டேன். அம்பயர் கும்பிட்டு வாங்கிக்கிட்டாரு."

கோமதிநாயகத்துக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. இன்றைக்கு நாக்கு நல்ல பதத்தில் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து மின்சாரம் போனது. போனது திரும்பி வந்தது. வந்தது கொஞ்சம் தாராளமாக வந்துவிட்டது. சலூன் சுவரில் பலகை மேல் இருந்த சின்ன டிவி 'டொப்' என்றது. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை.

அந்த டிவியில்தான் எல்லாரும் ஆட்டம் பார்ப்பதாக இருந்தது. வெயிலுமுத்து வீட்டில் மருமகள் சீரியல் ஆள். ரிமோட் அவர் கைக்கு வராது. மாஸ்டருக்கு வாடகை அறை, ரேடியோ மட்டும். மூன்று பேரும் மெல்லக் கோமதிநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விஷயம் இதுதான். அவர் வீட்டு அகலத்திரைப் பெட்டிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குக் குழாய்கள். மூன்றும் ஒரே இடத்தில் ஒளி அடித்தால்தான் ஒரு படம். கப்பலிலும் லாரியிலும் குலுங்கி வந்ததில் மூன்றும் மூன்று திசைக்குக் கோபித்துக்கொண்டு போயிருந்தன. ஒரு ஆளுக்கு மூன்று ஆள் தெரியும். பெட்டியைப் பார்த்த உள்ளூர் மெக்கானிக், பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, கும்பிட்டு மூடிவிட்டுப் போனவன்தான். இந்த ஒரு சங்கதியை மட்டும் அவர் ஊரில் யாரிடமும் அளக்கவில்லை.

"இம்புட்டுப் பேரு உக்காந்தா அது தாங்காதுவே" என்றார். "உள்ள இருக்கவனுக்கு நம்மளத் தெரியும். கூட்டத்தப் பாத்தா வெக்கப்பட்டு ஆடமாட்டான்."

"உலகமே பாக்கும்போது வெக்கப்படாதவன் எங்கள மூணு பேரப் பாத்தா வெக்கப்படப் போறான்?" என்று மாஸ்டர் எழுந்தார். ஐயாக்குட்டி கடையின் கதவுப் பலகை ஒன்றைச் சாத்தியே விட்டான்.

"ஏ, என் இடது கன்னம்!"

"உங்க வீட்டுல வச்சி எடுத்து விடுதேன் அண்ணாச்சி. நல்ல எடம் போயிரும்."

இப்படியாக, தெற்கு ரதவீதியின் பாத்திரக்கடை முதலாளி, ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரைத்தும், கழுத்தில் சலூன் துண்டோடு பட்டப்பகலில் நடத்திச் செல்லப்பட்டார். பின்னால் ஐயாக்குட்டி பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தான். எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். தெருமுனை வந்ததும் அவருக்கு இனி தாங்காது என்று தோன்றியது. நின்றார்.

"வெயிலுமுத்து, உள்ளதச் சொல்லிருதேன். டிவி ரிப்பேரு. படம் சரியா வராது."

வெயிலுமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஊருல நீரு சொன்னதுலயே பெரிய பொய் இதுதான்வே. நடையும்."

வீட்டில் ஆவுடையம்மாள் கதவைத் திறந்தாள். கணவரின் பாதி முகத்தைப் பார்த்தாள். பின்னால் நிற்கிற பெஞ்சைப் பார்த்தாள். "வாங்க அண்ணாச்சி, வாங்க சார்" என்று வழிவிட்டு, மோர் கரைக்க உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் நின்ற பெட்டியைப் பார்த்ததும் மூவரும் நடைப்படியிலேயே நின்றுவிட்டார்கள். அளவு விஷயத்தில் கோமதிநாயகம் அவ்வளவாகக் கூட்டிச் சொல்லவில்லை. ஐயாக்குட்டி செருப்பை வாசலில் கழற்றியிருந்தான். இப்போது தலைத்துண்டையும் எடுத்தான். பெஞ்சை நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

பெட்டி முனகியது. வெளிச்சம் ஊறி ஊறி வந்தது. பிறகு மைதானம் வந்தது. சிவப்பாக ஒரு பந்துவீச்சாளன் ஓடினான். அவனுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒருவன், அவனை ஒட்டி நீலமாக ஒருவன். மூவரும் பூசணிக்காய் பருமனில். மூன்று பந்துகள் போயின. மூன்று பேர் மட்டையைச் சுழற்றினார்கள். மூன்று அம்பயர்கள் சும்மா நின்றார்கள்.

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார். இவ்வளவு நாள் ஏற்றி ஏற்றிக் கட்டியது எல்லாம் தன் தலையில் இறங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். ஆனால் நாக்கு அவரைக் கேட்காமல் தானாகவே புரண்டது.

"மத்தவன் வீட்டுல பதினோரு பேருதான். இங்க முப்பத்து மூணு பேரு."

"எந்தப் பந்த அடிக்கணும்னு அவனுக்காவது தெரியுமாவே?" என்றார் வெயிலுமுத்து.

மோர்ச் செம்போடு வந்த ஆவுடையம்மாள் நின்றாள். "நடுவுல இருக்க பச்சைய மட்டும் பாருங்க அண்ணாச்சி. ரெண்டு நாள்ல பழகிரும். இவிய பேச்சையும் நான் அப்படித்தான், மூணுல ஒண்ண மட்டும் எடுத்துக்கிடுவேன்."

கூடம் அதிரச் சிரிப்பு வெடித்தது. மாஸ்டருக்குச் சிரிப்பில் புரையேறியது. கோமதிநாயகமும் சிரித்தார், நுரை காய்ந்து வெடித்த இடது கன்னம் இழுக்க இழுக்க. இதைவிடப் பெரிய அடி விழும் என்று பயந்திருந்தவருக்கு, விழுந்த அடி முதுகைத் தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது.

அப்புறம் ஆட்டம் அவர்களை இழுத்துக்கொண்டது. பச்சையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். உணர்ச்சிவசப்பட்டு மாஸ்டர் எழுந்தபோதெல்லாம் அவருக்கு மட்டும் மைதானம் இருண்டது. "உக்காருங்க சார்" என்று மற்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். எதிரணி அடித்த ஒவ்வொரு பவுண்டரியும் மூன்று கோட்டைத் தாண்டியது. பிறகு நம் ஆட்கள் மட்டையோடு வந்தார்கள். ஒருவன் அவுட்டானால் மூன்று பேர் தலை குனிந்து நடந்தார்கள். மற்ற வீடுகளில் ஒரு தடவை வலித்தது இங்கே மும்முறை வலித்தது.

"நீலத்துல உள்ளவன் இன்னும் அவுட்டாகலவே, பாரும்" என்று கோமதிநாயகம் ஒருமுறை சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லாரும் நீலத்தைப் பார்த்தார்கள்.

கடைசி ஆளும் போனான். முடிந்தது. வேறு நாட்டுக்காரர்கள் மூன்று கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். ஐயாக்குட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டான். மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். வெயிலுமுத்து, எதற்கும் அசையாத வெயிலுமுத்து, காலியான மோர் டம்ளரைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அந்த முகத்தைக் கோமதிநாயகத்தால் பார்க்க முடியவில்லை. தன் வீட்டுக்கு வந்தவர்கள் இப்படியா எழுந்து போக வேண்டும்?

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. இந்த டிவியில அதான் விசேசம். நேரடியாப் பாக்கதுல ஒண்ணும் இல்ல. நாளைக்கு மறுஒளிபரப்பு போடுவாம்லா, அதப் பாக்கணும். போன மாசத்து மேட்சு அப்படித்தான். நேரடியாப் பாத்தப்போ தோத்தோம். மறுநாள் இதுல மறுபடியும் போட்டான். ஜெயிச்சிட்டோம்வே. மறுநாள்னா நம்ம பயலுவளுக்குக் களைப்பெல்லாம் தீந்திருக்கும்லா."

ஆவுடையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு செம்பை எடுத்துப் போனாள். மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். வெயிலுமுத்து மெதுவாக எழுந்து, வேட்டியை உதறிக் கட்டினார். வாசல் வரை போனார். செருப்பை மாட்டினார். தெருவைப் பார்த்தபடி, திரும்பாமலே கேட்டார்:

"எத்தன மணிக்குவே போடுதான்?"