ஊற்றாத தண்ணீர்

மலைமேல் ஒரு சின்ன மடம். அதன் முற்றத்தில் எட்டுத் தொட்டிகளில் காமெலியா. தேயிலைக்கு உறவுக்காரச் செடி. இலைக்காக இல்லை, பூவுக்காக வளர்ப்பது. கடுங்குளிரில்தான் பூக்கும். அதே குளிரில்தான் கெட்டும் போகும்.

மடத்தை நடத்தியவர் குருவம்மா. வயது நாற்பத்திரண்டு. அவருடைய ஒரே சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அதட்டியே பழகிய தொண்டை.

பனிக்காலம் முழுக்க அவருக்கு ஒரே வேலை. வெயில் வருமுன் எழுந்து, உறைபனி மூடிய செடிகள்மேல் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"நடுங்குறவன் தலையில தண்ணி ஊத்தச் சொல்றீங்களே. இது எந்த ஊர் நியாயம், குருவம்மா?"

"மில்லுல இத்தனை கேள்வி கேட்டிருந்தா உங்களை சூப்பர்வைசர் ஆக்கியிருக்க மாட்டாங்க. ஊத்துங்க."

"காரணம் சொல்லலாமில்ல?"

"வெயில் தொடும்போது செடிமேல பனி இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ஊற்றினார். மனசில்லாமல்தான்.

மார்கழி பாதியில் மகளுக்கு ஒரு கார்டு எழுதினார். ஒன்பது வருஷத்தில் முதல் கடிதம்.

வசுமதி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள். அன்றோடு அவளைத் தலைமுழுகிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து மனைவி இறந்தபோது, அம்மா முகத்தைப் பார்க்க வந்தவளை வாசல் கேட்டைத் தாண்ட விடவில்லை.

'இங்கே காமெலியா மொட்டு விட்டிருக்கிறது. வந்து பார்.' கார்டில் அவ்வளவுதான். வேறெதுவும் எழுத வரவில்லை.

பதில் வந்தது. 'ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.'

கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "குருவம்மா! என் பொண்ணு மன்னிச்சிட்டா!"

குருவம்மா படித்தார். "பூவைப் பார்க்க வர்றேன்னுதானே எழுதியிருக்கா?"

"அப்படித்தான் எழுதுவா. ரோஷக்காரி. என் பொண்ணாச்சே."

ஞாயிறு விடிந்தபோது அந்த வருஷத்திலேயே இல்லாத பனி. புல் வெள்ளையாகக் கிடந்தது. மொட்டுகள் கண்ணாடிபோல விறைத்து நின்றன.

தணிகாசலம் வாளியை நிரப்பினார். செடி முன்னால் வந்து நின்றார். கை எழவில்லை. இன்றைக்குமா இதுகள்மேல் குளிர்ந்த தண்ணீர்?

வாளியைக் கீழே வைத்தார். தொட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து, முதல் வெயில் விழும் இடத்தில் வரிசையாக வைத்தார். ஏழுதான் அசைந்தன. எட்டாவது பெரிய தொட்டி. எப்போதும் சமையலறைக் கூரைக்கு அடியில் கிழக்கே பார்த்து நிற்பது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

வெயில் வந்தது. பனி உருகி மொட்டுகள் மினுங்கின.

"பாருங்க குருவம்மா, எப்படிச் சிரிக்குதுங்க!"

குருவம்மா நிரம்பியிருந்த வாளியைப் பார்த்தார். 

பத்து மணிக்குள் ஏழு தொட்டியிலும் மொட்டுகள் வேகவைத்ததுபோலப் பழுப்பேறிவிட்டன. தணிகாசலம் ஒன்றைத் தொட்டார். கையோடு வந்தது.

அந்த நேரத்தில்தான் வசுமதி வந்தாள்.

எட்டாவது தொட்டியில் இரண்டு பூ விரிந்திருந்தது, நல்ல சிவப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குருவம்மா டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

"பஸ் ஏறும்போதே இட்லி தின்னேன், அக்கா. மலை வளைவுல பாதியைத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த தணிகாசலத்துக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. சின்ன வயதுச் சிரிப்பேதான். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதட்டிப் பழகிய தொண்டையை முடிந்தவரை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"சாப்பிட்டியாம்மா?"

சிரிப்பு நின்றது. வசுமதி டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அம்மாவை எடுக்கிற வரைக்கும் கேட்டுக்கு வெளியிலதான்ப்பா நின்னேன். காலையிலேருந்து. அன்னிக்கு யாரும் இதைக் கேக்கலை."

எழுந்தாள். "பூ நல்லா இருக்கு, அக்கா" என்றாள். இறங்கிப் போய்விட்டாள். பாதை வளையும் இடம்வரை அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம்வரை தணிகாசலம் ஏழு தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். குருவம்மா வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"இனிமே வர மாட்டா, இல்ல?"

"தெரியலை."

"வர மாட்டான்னாவது சொல்லுங்களேன்."

குருவம்மா உதிர்ந்து கிடந்த மொட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"பேசாமலே இருந்திருக்கலாம். எங்கேயோ இருக்கா, என்னைக்காவது கூப்பிட்டுக்கலாம்னாவது இருந்தது. இப்ப அதுவும் போச்சு." கையிலிருந்த மொட்டை நசுக்கினார். உள்ளே கறுப்பு. "பனியில விறைச்சு நின்னப்பகூட உருக்குலையாமதான் இருந்தது. வெயில்ல கொண்டுவந்து வச்சேன். கருகிப்போச்சு."

"ஆமா."

"நீங்க கேட்டதையேதானே நானும் கேட்டேன்? ஒரு எழுத்து மாறலை. உங்ககிட்ட சிரிச்சா."

குருவம்மா கூரைக்கு அடியில் இருந்த தொட்டியைப் பார்த்தார். அவரும் பார்த்தார். இரண்டு பூவும் அப்படியே இருந்தன. பழைய தொண்டை திரும்பி வந்தது.

"அதுவும் கிழக்கே பார்த்துத்தானே நிக்குது? அதே வெயில்தானே அதுமேலயும் பட்டது?"

"பட்டது."

"அப்புறம் அது மட்டும் எப்படி?"

குருவம்மா நிமிர்ந்து அதன் மேலிருந்த கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அதுமேல பனி விழலை, தணிகாசலம்."