நாலாம் நம்பர் கதவு

நாலு பேருமே நல்ல பிள்ளைங்க. அதை முதல்லயே சொல்லிடுறேன். மீதிக் கதையைக் கேட்டுட்டு அவங்களை யாரும் திட்டிடக் கூடாது பாருங்க.

என் பேரு சுடலைமுத்து. கோவில்பட்டியில ஒரு கல்யாண மண்டபத்து லிஃப்டுக்குள்ள இருபத்திரண்டு வருஷமா ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தவன். திடீர்னு முதலாளிக்கு ஒரு ஆசை வந்துது. லிஃப்டு தானா ஓடணும், கீழே பந்தி ஹால் கதவு தானா திறக்கணும், தாலி கட்டுற நேரத்துல கெட்டிமேளம் கொட்டச் சொல்லி மேளக்காரங்க முன்னாடி ஒரு பச்சை விளக்கு தானா எரியணும். மூணையும் ஒரே கம்ப்யூட்டர் பாத்துக்கணுமாம். அதுக்குத்தான் மதுரையிலேர்ந்து நாலு இன்ஜினியருங்க வந்தாங்க. தலைமை சடையப்பன். மத்தவங்க பூபதி, இசக்கி, புண்ணியகோடி. என்னை வாசல்ல சந்தனம் கொடுக்க அனுப்பிட்டாங்க. எனக்கொண்ணும் வருத்தமில்ல, சந்தனம் வாசனையா இருக்கும்.

அந்த சாஃப்ட்வேரை எழுதினது டெய்சி மேடம்னு ஒருத்தங்க. மிஷினுக்கு நம்மள மாதிரி யோசிக்க வராதாம். ‘கதவு திறந்திருக்கா? ஆமான்னா இப்படிப் போ, இல்லைன்னா அப்படிப் போ’ன்னு கிளை கிளையாப் படம் போட்டுக் கொடுத்திருப்பாங்க. அந்தக் கிளையைப் பிடிச்சுக்கிட்டே போய் மிஷின் ஒரு முடிவுக்கு வரும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நம்பர். மொத்தம் பத்தே நம்பர்தான்.

பிரசவ லீவுல போறதுக்கு முன்னாடி மேடம் போன்ல மூணே மூணு விஷயம் சொன்னாங்க. ஒரே கேள்விக்கு ரெண்டு நம்பர் கொடுக்காதீங்க. நம்பர் எடுத்தவங்க பேரைப் பதிவு பண்ணுங்க, வேலை முடிஞ்சா எடுத்தவங்களே அடிச்சுடுங்க. பேர் இல்லாத நம்பரை வேற கேள்விக்குக் கொடுத்துடுங்க. இவ்வளவுதான்.

சடையப்பன் உடனே கடைக்குப் போய் நாலு விரக்கடை தடிமன்ல ஒரு பைண்டு நோட்டு வாங்கிட்டு வந்து, மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டான். அதுல எழுதுறதெல்லாம் அப்படியே கம்ப்யூட்டர்லயும் ஏறும்.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணி ஆச்சு. "வேலை முடிஞ்சுதாடா?"ன்னு கேட்டான். "முடிஞ்சுதுண்ணே"ன்னாங்க. "அப்ப மேடம் சொன்னபடி எல்லாரும் பேரை அடிங்க." அடிச்சுட்டுத் தூங்கப் போயிட்டாங்க. மறுநாள் காலையில யாருக்கு எந்த நம்பர் கைக்கு வந்துதோ அதை எடுத்துக்கிட்டாங்க. நேத்து ‘ரெண்டாம் மாடிக்குப் போகணுமா?’ன்னு இருந்த ரெண்டாம் நம்பர், இன்னைக்கு ‘பந்தி முடிஞ்சுதா?’ன்னு ஆயிடுச்சு.

முதலாளி லிஃப்டுல ஏறி ரெண்டாம் மாடி பட்டனை அமுக்கினாரு. லிஃப்டு அசையல. பந்தி ஹால் கதவுதான் திறந்து திறந்து மூடுது. கால் மணி நேரம் பொறுமையா நின்னுட்டு அதே இடத்துல இறங்கினாரு. "பரவால்லையே, ரெண்டாம் மாடியும் அச்சு அசலாக் கீழ்த்தளம் மாதிரியே இருக்கே"ன்னு பாராட்டிட்டுப் போயிட்டாரு.

சடையப்பனுக்குத்தான் மனசு கேக்கல. "இனிமே ஒருத்தனும் பேரை அடிக்கக் கூடாது. எடுத்தது எடுத்ததுதான்"னு சத்தம் போட்டான். மூணு பேரும் ஓடிப்போய்ப் பத்து நம்பரையும் வளைச்சுக்கிட்டாங்க. பச்சை விளக்குப் பொறுப்பு இசக்கியோடது. அவன் அப்போ டீ குடிக்கப் போயிருந்தான். ‘தாலி கட்டுறாங்களா?’ன்னு கேக்கணும், ஆனா கேக்க நம்பர் இல்லை. பாவம், ரெண்டு நாளாத் தேம்பிக்கிட்டே இருந்தான்.

பூபதிக்கு வேற சந்தேகம். "அண்ணே, லிஃப்டு கதவு வேற, பந்தி ஹால் கதவு வேற இல்லியா?"

"லிஃப்டுக்கு உன் கேள்வி என்ன?"

"கதவு திறந்திருக்கா?"

"பந்தி ஹாலுக்கு?"

"கதவு திறந்திருக்கா?"

"எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதானேடா! இதுக்கு ரெண்டு நம்பர் கொடுத்துட்டு மேடம் முகத்துல எப்படி முழிக்கிறது?"

ஆக, ரெண்டு கதவுக்கும் சேர்த்து நாலாம் நம்பர். கையெழுத்துப் போட்டது புண்ணியகோடி.

இந்தப் புண்ணியகோடிக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை அதே மண்டபத்துல கல்யாணம். பொண்ணு செண்பகம், நர்ஸு. ஆறு வருஷமா ஜாதகம் சேரல, கட்டம் சரியில்லைன்னு இழுத்தடிச்ச மாமனார் இந்த ஒரு முகூர்த்தத்துக்குத்தான் தலையாட்டியிருந்தாரு. ஒன்பது மணிக்குள்ள தாலி ஏறணும். தப்பினா அடுத்தது பதினாலு மாசம் கழிச்சு. "அதுக்குள்ள எங்கப்பா மனசு மாறிடும், மறந்துடாதீங்க"ன்னு செண்பகம் அவன்கிட்ட அழுத்திச் சொல்லியிருந்தா. அவனும் மறக்காம நோட்டுல எழுதி வச்சிருந்தான்.

மேடை ரெண்டாம் மாடியில. எட்டேகாலுக்கு மாலையும் கழுத்துமா மாப்பிள்ளை தனியா லிஃப்டுல ஏறினான். கூட வர்றேன்னவங்களை, "முதல் ஓட்டம், நானே போறேன்"னு நிறுத்திட்டான். லிஃப்டும் ஜம்முனு மேலே போச்சு.

அதே நேரம் கீழே முதல் பந்திக்குக் கதவு திறந்துது. அது மூடிக்காம இருக்கச் சமையல்காரர் ஒரு சாம்பார் வாளியை முட்டுக் கொடுத்துட்டாரு. மேலே போய் நின்ன லிஃப்டு நாலாம் நம்பரைக் கேட்டுது: கதவு திறந்திருக்கா? ஆமா. திறந்திருக்கிற கதவை எதுக்குத் திறக்கணும்? அது பாட்டுக்கு நின்னுடுச்சு.

உள்ளேயிருந்து தட்டுற சத்தம். மூணு பேரும் நோட்டோட மாடிக்கு ஓடி வந்தாங்க, நான் சந்தனக் கிண்ணத்தோட பின்னாடியே வந்தேன்.

"மாப்ள, கதவு திறந்துதான் இருக்கு, வெளிய வா!"ன்னான் சடையப்பன்.

"மூடியிருக்குண்ணே!"

"நாலாம் நம்பர் ஆமாங்குதுடா."

 அவனும் இன்ஜினியர்தானே, யோசிச்சிருக்கான். "நாலாம் நம்பரே சொல்லுச்சுன்னா சரியாத்தான் இருக்கும். வர்றேன்"னான். அடுத்து ‘ணங்’குனு ஒரு சத்தம். "அண்ணே, வந்தேன். மூக்கு மட்டும் முன்னாடி வந்துடுச்சு, மிச்சம் வரல!"

மணி எட்டரை. மேடையில ஐயர் எட்டி எட்டிப் பாக்குறாரு. மாமனார் முகம் கடுகடுன்னு ஆயிடுச்சு.

"அந்த நம்பரையே அடிச்சுடலாம்ணே"ன்னான் பூபதி.

"எடுத்தவன்தானேடா அடிக்கணும்? எடுத்தவன் உள்ள இருக்கான்."

"நோட்டை உள்ள தள்ளலாம்."

நோட்டு நாலு விரக்கடை, கதவிடுக்கு நூல் கனம். ரொம்ப நேரம் விவாதம் பண்ணி, தாளை மட்டும் கிழிச்சு உள்ள விட்டாங்க. "பேனா?"ன்னு கேட்டான் மாப்பிள்ளை. பேனா இடுக்குல நுழையல. கடைசியில நெத்திக் குங்குமத்தைத் தொட்டு விரலால அடிச்சு வெளிய தள்ளினான். எனக்கு அழுகையே வந்துடுச்சு, எப்பேர்ப்பட்ட பொறுப்பான பையன்!

தாளைப் பார்த்ததும் இசக்கி துள்ளிக் குதிச்சான். "நாலாம் நம்பருக்கு இப்போ பேரில்லை! எனக்குக் கொடுங்கண்ணே!" நியாயம்தானே? கொடுத்தாங்க. ‘தாலி கட்டுறாங்களா?’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டான். கீழே சாம்பார் வாளி அசையாம நிக்குது, பந்திக் கதவு ஒயர் வழியா நாலாம் நம்பருக்கு ஆமா, ஆமான்னு பதில் வருது. பச்சை விளக்கு பளிச்சுன்னு எரிஞ்சுது.

மேளக்காரங்க சும்மா இருப்பாங்களா? கெட்டிமேளம் பிச்சு உதறிட்டாங்க. அறுநூறு பேரும் எழுந்து, தனியா மணையில உக்காந்திருந்த செண்பகம் மேல அட்சதையைப் போட்டு, "தீர்க்க சுமங்கலியா இரும்மா"ன்னு வாழ்த்திட்டுப் பந்திக்கு இறங்கிட்டாங்க.

செண்பகம் தலையில அரிசியோட எழுந்தா. புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தா.

"அண்ணாச்சி, கரெண்டு போனா இந்த லிஃப்டுக் கதவை எப்படித் திறப்பீங்க?"

"சாவி இருக்கும்மா. வெளியிலேர்ந்தே திறந்துடலாம்."

"சாவி எங்க?"

"என் இடுப்புலதான்."

"இவ்வளவு நேரமா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியேம்மா. அதோட நோட்டுல என் பேரும் இல்லை."

அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே, ஊசி போடுறதுக்கு முன்னாடி நர்ஸு பார்ப்பாங்களே, அதே பார்வை. மறுபேச்சில்லாம திறந்துட்டேன். உள்ளே மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து நிக்கிறான். மணி எட்டு ஐம்பத்திரண்டு.

"வாங்க சீக்கிரம்!"னா செண்பகம்.

அவன் அசையல. "எப்படிம்மா வர்றது? நாலாம் நம்பரை அடிச்சாச்சு. இப்போ இந்த லிஃப்டுக்குக் கதவுன்னு ஒண்ணு கணக்குலயே இல்லை. இல்லாத கதவு வழியா நான் எப்படி வருவேன்?"

"அதானே"ன்னான் சடையப்பன்.

செண்பகம் வாதாடல. மேடைக்கு ஓடித் தாலித் தட்டை ஒரு கையிலயும் ஐயரை மறு கையிலயும் பிடிச்சுக்கிட்டு லிஃப்டுக்குள்ள ஏறிட்டா. மாப்பிள்ளையோட தங்கச்சியும் மூணாவது முடிச்சுப் போட நெருக்கியடிச்சு ஏறினா. எட்டு ஐம்பத்தெட்டுக்குத் தாலி ஏறிச்சு. கெட்டிமேளம்தான் இல்லை, மேளக்காரங்க சாப்பிடப் போயிட்டாங்க. நான் சந்தனக் கிண்ணத்துல தட்டித் தாளம் போட்டேன். மாமனார் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. நானும் துடைச்சுக்கிட்டேன், சந்தனம் பட்டு எரிஞ்சுது.

சடையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கல. நோட்டைத் திறந்து, "இதையும் பதிஞ்சுடணும்"னு எழுதினான்: ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ ஆமா. தன் பேர்ல இருந்த ஒன்பதாம் நம்பரை அடிச்சு அதுக்குக் கொடுத்தான். எழுதிட்டு நிமிர்ந்தவன் பூபதியைப் பார்த்தான்.

"பூபதி, உனக்கு ஆவணியில கல்யாணம்னியே?"

"ஆமாண்ணே."

"அதுக்கும் இதே கேள்விதானே வரும்?"

பூபதி எழுத்துக்கு எழுத்து சரி பார்த்தான். ஒண்ணேதான். கண் கலங்கிடுச்சு அவனுக்கு. எல்லார் கையையும் பிடிச்சு நன்றி சொன்னான், என் கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கினான். அப்புறம் செல்போனை எடுத்துத் தன் வருங்கால மாமனாரைக் கூப்பிட்டான். "மாமா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. நீங்களும் உங்க பொண்ணும்தான் வரலைங்கிறது எனக்குப் பெரிய மனக்குறை"ன்னு சொல்லிட்டு, ரெண்டாம் பந்தியில போய் உக்காந்தான்.